தோட்டத் தொழினுட்பமும் முகாமைத்துவக் கல்வியும்
சப்பிரகமுவ நோக்கில் ஒரு வரலாற்றாய்வு

ஒரு நாட்டின் பொருளாதாரம் எந்தத் தொழினுட்பத்தின் மீது எழுப்பப்பட்டதோ, அத்தொழினுட்பத்தை அறிந்தோர் யாவர், அதனை ஆளும் உரிமை பெற்றோர் யாவர் என்னும் வினாக்கள் அந்நாட்டின் சமூக வரலாற்றோடு பின்னிப் பிணைந்தவையாகும். இவ்வினாக்களை ஆராயும் பொறியியற் கொள்கை, தொழினுட்ப முகாமைத்துவம் ஆகியன இன்று தனித்த பட்டப்பின் படிப்புத் துறைகளாக வளர்ந்துள்ளன. பிரித்தானியாவின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1966 இல் கிறிஸ்தோபர் பிறீமன் விஞ்ஞானக் கொள்கை ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். அமெரிக்காவின் மாசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1976 இல் தொழினுட்பமும் கொள்கையும் பற்றிய பட்டப்பின் நெறி உருவாயிற்று. இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தொழினுட்ப முகாமைத்துவத்திற் பட்டப்பின் கல்வியை வழங்கி வருகின்றது.

துறையின் பெயர் புதிதேயன்றி அது எதிர்கொள்ளும் சிக்கல் புதிதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் அச்சிக்கல் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலவி வந்துள்ளது. அவ்வரலாற்றை நோக்குதலும், அது இன்றைய உயர்கல்விக்கு உணர்த்துவதைக் காணுதலும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இறப்பரின் வருகை

1869 இற் கோப்பிச் செடியைப் பீடித்த இலைநோய் இலங்கையின் பெருந்தோட்ட வரலாற்றைத் திசைதிருப்பியது. மலைநாட்டில் தேயிலை அவ்விடத்தை நிரப்பியது. தாழ்நாட்டின் ஈரவலயத்தில் இறப்பர் நிலைபெற்றது. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டு, 1876 இற் கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடைப் பூங்காவை நாற்றுகளாக வந்தடைந்தன. மரம் வந்ததாயினும் அதிலிருந்து பாலெடுக்கும் முறை உடன் வரவில்லை. மரத்தை வெட்டிச் சிதைக்காது, ஒரே வெட்டினை மீண்டும் மீண்டும் மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களிற் சிங்கப்பூரில் ஹென்றி றிட்லி வகுத்த பின்னரே இறப்பர் தோட்டப் பயிராயிற்று.

தோட்டங்களைத் துறைமுகத்தோடு இணைத்தது களனிப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையாகும். இவ்வொடுங்கிய பாதை யட்டியாந்தோட்டையையும், 1912 இல் இரத்தினபுரியையும் அடைந்தது. மூலதனம், இயந்திரம், போக்குவரத்து, ஆராய்ச்சி ஆகிய நான்கும் ஒருங்கே திட்டமிடப்பட்ட ஒரு தொழினுட்ப அமைப்பு இவ்வாறு தோன்றியது. அதனை இயக்கிய கைகள் தென்னிந்தியாவிலிருந்து கங்காணி முறையின் வழியே கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளருடையவை.

மூவகை அறிவு

இவ்வமைப்பினுள் அறிவு மூன்று தட்டுகளாகப் பிரிந்து நின்றது. முதலாவது, துரைமாரின் நிருவாக அறிவு. இது நெடுங்காலம் எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படவில்லை. இளைஞனொருவன் மூத்த துரையின் கீழ்ப் பயிலுநனாக அமர்ந்து, பெரட்டுக்களத்திலும் கணக்கேட்டிலும் தொழிலைக் கற்றுச் சின்னத்துரையாகிப் பின் பெரியதுரையானான். அப்பயிற்சியின் வாயில் இனத்தாலும் வகுப்பாலும் அடைக்கப்பட்டிருந்தது.

இரண்டாவது, ஆராய்ச்சியாளரின் விஞ்ஞான அறிவு. 1909 இல் தொடங்கிய இறப்பர் ஆராய்ச்சி முயற்சி பின்னர் அகலவத்தை டாட்டன்பீல்ட் தோட்டத்தில் நிறுவகமாக வளர்ந்தது. 1925 இல் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தோன்றியது. தலவாக்கலையின் குளிர்மலைக்குப் பொருந்திய முடிவுகள் வெப்பமும் மழையும் மிக்க தாழ்நாட்டுக்கு அப்படியே பொருந்தா என்பதனால், இரத்தினபுரியிலும் அந்நிறுவகம் ஒரு கிளை நிலையத்தை அமைத்தது. தொழினுட்பம் இடத்தோடு பொருந்த வேண்டும் என்னும் கொள்கைக்கு இந்நிலையம் ஒரு நல்ல சான்றாகும்.

மூன்றாவது, தொழிலாளரின் கையறிவு. ஏடுகளில் இடம்பெறாத அறிவு இதுவே. இறப்பர் மரத்திற் பால்வெட்டுபவர் மாறிழையப் படையைத் தொடாது, அதற்கு மிக அண்மைவரை பட்டையைச் சீவுதல் வேண்டும். கத்தி சற்று ஆழ்ந்தால் மரம் புண்ணாகிப் புதுப்பட்டை சீராக வளராது. மேலோட்டமாயின் பால் குறையும். விடியற்காலையிற் பால் நன்கு சுரக்குமாதலால் வெயிலேறுமுன் பல நூறு மரங்கள் வெட்டப்படுதல் வேண்டும். ஒரு மரத்தின் பயன்தரு காலம் முழுவதும் இக்கைகளின் நிதானத்திலேயே தங்கியிருந்தது. தேயிலை ஸ்டோரிலும் நிலை இதுவே. மழைநாளிற் கொழுந்து எவ்வளவு நேரம் வாடவேண்டும், உருட்டிய இலை எப்பொழுது உலர்த்தியிற் போடப்படவேண்டும் என்பதைத் தொட்டும் முகர்ந்தும் அறிந்தவர்கள் அங்கு இருந்தனர். ஆயினும் கூலிப்பட்டியலில் இவ்வறிவுக்குத் தனிப்பெயர் எதுவும் இருக்கவில்லை. அது வெறும் உடலுழைப்பாகவே கணிக்கப்பட்டது.

உடைமை மாற்றமும் முகாமைத்துவமும்

1952 இற் சீனாவுடன் செய்யப்பட்ட இறப்பர்–அரிசி ஒப்பந்தமும், 1953 இல் தொடங்கிய மீள்நடுகை மானியத் திட்டமும் அரசு தொழினுட்பக் கொள்கையிற் கைவைத்தமைக்கு எடுத்துக்காட்டுகளாம். 1972 இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975 இன் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. உடைமை மாறியதேயன்றி, மேற்கூறிய மூன்று தட்டுகளும் மாறவில்லை. துரையின் இடத்தில் அரசின் அலுவலர் அமர்ந்தார்.

பெருந்தோட்ட முகாமைத்துவத்தை முறைசார் கல்வியாக்கும் முயற்சி 1979 இன் சட்டத்தினால் தேசிய பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் அமைக்கப்பட்டதோடு வலுப்பெற்றது. 1992 இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கேகாலை, பலாங்கொடை, கஹவத்தை என இப்பிரதேசத்தின் பெயர்களையே தாங்கிய கம்பனிகள் அவற்றுட் சில. 1995 இற் பெலிகுல்லோயாவில், சமனலவெவ நீர்மின் திட்டத்துக்கென எழுந்த கட்டடங்களைக் கொண்டு, சப்பிரகமுவப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பொறியியலாளர் தங்கிய இடம் மாணவர் பயிலும் இடமானது. தோட்டங்களின் அயலிலேயே உயர்கல்வி வந்துவிட்டது. லயங்களின் பிள்ளைகளுக்கு அது எட்டியதா என்பதே வினா.

கொள்கை தவறியபோது

அறிவுத் தட்டுகளின் பிரிவு எத்துணை ஆபத்தானது என்பதை அண்மைய வரலாறு காட்டுகின்றது. 2015 இற் கிளைபோசேற்று என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. களையெடுக்க ஆளும் பணமும் போதாமையாற் பல தோட்டங்கள் தவித்தன. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி முற்றாகத் தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. அதற்குள் செடி நலிந்துவிட்டது. 2021 இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோகிராமாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 250 மில்லியனாக வீழ்ந்தது.

மண்ணின் நலமும் மனிதரின் உடல்நலமும் காக்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒரு தொழினுட்பத்தை நீக்குமுன் அதற்கு மாற்று எது, மாற்றத்துக்கு எத்தனை ஆண்டு வேண்டும், இடைக்கால இழப்பை யார் சுமப்பர் என்னும் கேள்விகள் கேட்கப்பட்டிருத்தல் வேண்டும். தொழினுட்ப முகாமைத்துவத்தின் அரிச்சுவடியே இக்கேள்விகள்தாம். அவை கேட்கப்படாத இடத்தில், இழப்பைச் சுமந்தோர் சிறுதோட்ட உடைமையாளரும் கொழுந்து பறிப்போருமே. கொழுந்து அருகிய மலையில் நிர்ணயித்த நிறையைப் பறிக்க இயலாத பெண்ணுக்கு முழுநாள் உழைத்தும் அரைப்பேரே விழும். அரசின் கொள்கைப் பிழை அவளது சம்பளச் சீட்டில் அவளது குறையாகவே பதிவாகும்.

அடைபட்ட பாதை

தொழினுட்பக் கொள்கையைப் பட்டப்பின் நிலையிற் கற்க, பெரும்பாலும் பொறியியலிலோ விஞ்ஞானத்திலோ முதற்பட்டம் வேண்டும். அதற்கு உயர்தரத்திற் கணித அல்லது விஞ்ஞானப் பிரிவு வேண்டும். சப்பிரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடப்பவை. இவ்விரு பிரிவுகளையும் தமிழ்மொழியிற் கற்பிக்கும் பாடசாலைகள் இங்கு மிகச் சில. 1948 இற் குடியுரிமை இழந்த மக்கள் இவர்கள். 1964 இன் ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டவர்கள். 1977 இலும் 1981 இலும் வன்செயல்களால் அலைக்கழிக்கப்பட்டவர்கள். தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவிற் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேயே. நாட்டின் இலவசக் கல்வி இவர்களின் வாசலை அடைய ஒரு தலைமுறைக் காலம் தாமதித்தது. ஆகவே ஒரு பிள்ளை பட்டப்பின் கல்வியை அடையாமற் போவது பல்கலைக்கழக வாயிலில் நிகழ்வதன்று. பத்தாம் வகுப்பிலேயே அது முடிவாகிவிடுகின்றது.

முடிவுரை

சப்பிரகமுவத் தோட்டங்களின் வரலாறு ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. விஞ்ஞானம் குறைந்தமையால் இங்கு இடர் விளையவில்லை. ஆராய்ச்சி நிலையங்கள் நூறாண்டாக உள்ளன. ஆராய்வோரும் ஆள்வோரும் உழைப்போரும் ஒருவர் சொல்லை ஒருவர் கேளாமையே இடராயிற்று. தொழினுட்ப முகாமைத்துவம் என்னும் துறை இந்நாட்டில் வேரூன்ற வேண்டுமாயின், அதன் மாணவர் நூலகத்தோடு நில்லாது பால்வெட்டும் மரத்தடிக்கும் கொழுந்து மடுவத்துக்கும் செல்லுதல் வேண்டும். அதனினும் முதன்மையானது, அம்மரத்தடியில் வளர்ந்த பிள்ளை அந்நூலகத்துக்கு வந்து சேருதலாகும். கத்தி எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதைத் தன் தாயின் கையிலிருந்து கற்ற ஒருவர் கொள்கை வகுக்கும் மேசையில் அமரும் நாளிலேயே, இத்தோட்டங்களின் அறிவு வரலாறு முழுமை பெறும் எனலாம்.