இயக்க ஆற்றலின் வாய்பாடு உருவான வரலாறு

நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் கிடைக்கும். பள்ளி மாணவர் ஒரு வரியில் எழுதிவிடும் இந்த வாய்பாடு நிலைபெற ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

1644-இல் வெளியான நூலில் டெக்கார்ட், இயக்கத்தின் அளவு நிறையும் வேகமும் சேர்ந்த பெருக்கமே என்றார். 1686-இல் லைப்னிட்ஸ் அதை மறுத்தார். நான்கு மடங்கு உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகம் இரண்டு மடங்குதான் கூடும் என்பது கலிலியோ கண்ட விதி. அதே கல்லை அந்த உயரத்துக்கு ஏற்றவோ நான்கு மடங்கு உழைப்பு வேண்டும். ஆகவே கணக்கில் வர வேண்டியது வேகத்தின் வர்க்கம் என்பது லைப்னிட்ஸின் வாதம்.

வழக்கின் போக்கைத் திருப்பியது களிமண். 1720-களில் ஹாலந்தின் லைடன் நகரப் பேராசிரியர் ஸ்க்ராவெசாண்டே, ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் கொண்ட பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழச் செய்தார். எடை இரட்டிப்பான குண்டைப் பாதி உயரத்திலிருந்து விட்டபோது பள்ளம் மாறவில்லை; விழும் உயரமோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவது. அதுவரை எதிரணியில் இருந்தவர் லைப்னிட்ஸ் பக்கம் சாய்ந்தார். பிரான்சில் எமிலி டு ஷாட்லே 1740-இல் எழுதிய இயற்பியல் நூலில் இதே கட்சியை ஆதரித்தார். இது வெறும் சொற்சண்டை என்று 1743-இல் தலாம்பேர் ஒதுக்கியது அவசர முடிவு. பொருளை நிறுத்த ஆகும் நேரத்தைப் பார்ப்பவருக்கு நிறையும் வேகமும் பெருகிய உந்தமும், தூரத்தைப் பார்ப்பவருக்கு ஆற்றலும் தெரிகின்றன; இரண்டும் வேறு வேறு அளவுகள்.

சுழலும் பொருளில் சிக்கல் கூடுதல். அச்சிலிருந்து விலக விலக ஒவ்வொரு துகளின் வேகமும் மாறும். ஊசல் கடிகாரத்தை ஆராய்ந்த ஹைகன்ஸ், 1673-இலேயே துகள்தோறும் நிறையைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினார். அந்தக் கூட்டுத்தொகைக்கு நிலைமத் திருப்புத்திறன் என்ற தனிப் பெயரை அளித்தது ஆய்லரின் 1765-ஆம் ஆண்டு நூல். அதைக் கோண வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் சுழற்சி ஆற்றல். சுழற்சி ஆற்றலைச் சேமிக்கும் சக்கரமான ஃப்ளைவீலின் விளிம்பு கனமாக வார்க்கப்படும் காரணமும் இதுதான்: ஒரே எடை, ஒரே ஆரம், ஒரே சுழற்சி வேகம் என்றால், மெல்லிய வளையம் சீரான தட்டைவிட இரு மடங்கு ஆற்றல் கொள்ளும்.

‘பாதி’ மட்டும் கடைசியில் வந்தது. தத்துவ விவாதத்திலிருந்து அல்ல, நீராவி எந்திரக் காலத்துப் பொறியியலிலிருந்து. எந்திரம் செய்யும் வேலையும் பொருள் பெறும் ஆற்றலும் ஒரே அளவாக வர வேண்டும் என்பதற்காக, கொரியோலிஸ் 1829-இல் அதைச் சேர்த்தார். ‘இயக்க ஆற்றல்’ என்ற பெயரை 1860-களில் வில்லியம் தாம்சனும் பீட்டர் டெய்ட்டும் பரப்பினர்.