கத்தரிக்கோலும் மண ஒப்பந்தமும்

நிக்காஹ் முடிந்ததும் நம் ஜமாஅத் தப்தரில் மஹர் எழுதப்படுகிறது. சாட்சிகள் ஒப்பமிட்டபின் தப்தர் பீரோவுக்குள் சென்றுவிடுகிறது; மீண்டும் அதைத் திறந்து பார்ப்போர் அரிது. யூதர்களிடமும் இதையொத்த ஆவணம் ஒன்று உண்டு. அதன் பெயர் கெத்துபா. மணவிலக்கோ கணவனின் மரணமோ நேர்ந்தால் மனைவிக்குச் சேரவேண்டிய தொகையை அது அராமிய மொழியில் வரையறுக்கிறது. கன்னிக்கு 200 ஸூஸ், கைம்பெண்ணுக்கு 100 ஸூஸ் என்பது பழைய கணக்கு. மனைவியை எளிதாகக் கைவிடுவது கணவனின் கண்ணில் இலேசாகத் தோன்றிவிடக் கூடாது என்பதே இக்கடனுக்குத் தல்மூத் கூறும் காரணம்.

கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் கிடங்கறையிலிருந்து ஃபாத்திமியர் காலத்துக் கெத்துபாக்கள் பல கிடைத்துள்ளன. அவற்றில் மணக்கொடை உடனே தரும் பங்கு, பிற்பாடு தரும் பங்கு என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நம் ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. சிலவற்றின் ஓரங்களில் அலங்காரமும் காணப்படுகிறது.

அவ்வலங்காரத்தில் பிற்காலத்தில் கத்தரிக்கோலும் சேர்ந்துகொண்டது. மை உறைந்த குளிரில் எழுத்துகளைக் காகிதத்தில் வெட்டியே எழுதியதைப் பற்றி, ஸ்பெயின் நாட்டு யூதப் புலவர் ஷெம் தோவ் 1345இல் எழுதுகோலுக்கும் கத்தரிக்கோலுக்குமான வாதமாக ஒரு நூல் இயற்றினார். இத்தாலியில் தோலேட்டின் ஓரங்களைப் பின்னல்வேலைபோல் நுணுக்கமாக வெட்டினர். ஆடம்பரம் மிகவே சில ஊர்த் தலைவர்கள் செலவுக்கு வரம்பு கட்ட நேர்ந்தது. (கல்யாணச் செலவு எந்தச் சமூகத்தைத்தான் விட்டது!) உஸ்மானியரிடமோ வெட்டுதல் எனப் பொருள்படும் அரபுச் சொல்லையே பெயராகக் கொண்ட ஒரு கலை இருந்தது. காகிதத்தில் பூக்களையும் எழுத்துகளையும் தனித்தனியே வெட்டி எடுத்து, வேறு நிறத் தாளின்மீது ஒட்டுவது அது. புர்ஸா நகரத்து ஃபக்ரீ அதன் பேராசான்களுள் ஒருவர். இஸ்தான்பூல் யூதர்களின் 19ஆம் நூற்றாண்டுக் கெத்துபாக்களிலும் இவ்வாறு வெட்டி ஒட்டிய தாள்வேலையைக் காணலாம். அண்டை வீட்டாரின் கலை அவர்களுடைய மணப்பத்திரத்தில் கூச்சமின்றிக் குடியேறியிருந்தது.

அண்டை அயல் எங்கும் அப்படி இருந்துவிடவில்லை. 1839இல் ஈரானின் மஷ்ஹத் நகரில் கும்பலொன்று யூதர்களைத் தாக்கிப் பலரைக் கொன்றது. எஞ்சியோர் அச்சத்தால் இஸ்லாத்தை ஏற்றதாக அறிவித்தனர். மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று நம்பும் நாம் இதை மறைக்கலாகாது. அதன்பின் அங்கே ஒரே திருமணத்துக்கு இரண்டு பத்திரங்கள் எழுதப்பட்டன. ஊரார் காண ஒரு நிக்காஹ் ஒப்பந்தம். வீட்டுக்குள் மறைவாக ஒரு கெத்துபா. சுவரில் மாட்டி மகிழ வேண்டிய தாள் ஒளித்து வைக்கப்பட்டது.

1970கள் முதல் வட அமெரிக்காவில் இக்கலை மீண்டும் தழைத்தது. இன்று கலைஞர்கள் சிலர் கையால் செய்த தாளைக் கிழித்தும் வெட்டியும் அடுக்கடுக்காக ஒட்டி மணமக்களுக்குக் கெத்துபா செய்து தருகின்றனர். ஓரத்தில் மாதுளையோ எருசலேமின் மதில்களோ இடம்பெறலாம். நடுவே பெயருக்கும் தேதிக்கும் இடம் விடப்படும். மரபு வாசகத்தைப் பின்பற்றுவோரின் தாளில் அந்த 200 ஸூஸும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். வீட்டின் சுவரில் அது நாள்தோறும் கணவனின் கண்ணில் படும்.