பலாலி–சென்னை வான்வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள பலாலி விமான நிலையத்தையும் தமிழ்நாட்டின் தலைநகரையும் இணைக்கும் பன்னாட்டுப் பறப்புத் தடம். நீளம் 350 கி.மீ.க்குச் சற்று மேல். 1947இல் தொடங்கிய இந்தத் தடம் இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்தையும் சேர்த்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் மூடிக் கிடந்து, 2019இல் மீண்டும் திறந்தது.

பலாலி ஓடுபாதையை இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய அரச விமானப்படை அமைத்தது. போர் முடிந்ததும் அது காங்கேசன்துறை விமான நிலையம் என்ற பெயரில் பொதுப் பயணத்துக்கு வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று எயர் சிலோனின் டக்கோட்டா விமானம் கொழும்பின் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, மதராஸ் போய்ச் சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் முதல் பறப்பே இதுதான். நாடு சுதந்திரம் அடைய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ பறப்பதற்கு முன்பே இலங்கையின் தேசிய விமானம் யாழ்ப்பாணத்தைத் தொட்டு மதராசுக்குப் போயிருக்கிறது. இன்று யாழ்ப்பாணத்தை நாட்டின் ஓரம் என்று பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இத்தகைய பன்னாட்டுத் தடத்தில் ஒரு நாட்டு விமானம் இன்னொரு நாட்டில் பயணிகளை ஏற்றி இறக்க, 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கைப்படி இரு அரசுகளின் இசைவு வேண்டும். எந்த ஊருக்கு, வாரம் எத்தனை பறப்பு என்பதை அரசுகள் பேசி முடிவு செய்யும். அந்த உரிமை கிடைத்தாலும் வேலை பாதிதான் முடிந்தது. நெரிசல் மிகுந்த நிலையங்களில் இறங்கவும் ஏறவும் தனித்தனியே நேர ஒதுக்கீடு வேண்டும். இதைத்தான் துறையினர் 'ஸ்லொட்' என்கிறார்கள். ஒரு பருவத்தில் கிடைத்த நேரத்தில் 80 வீதத்தையாவது பயன்படுத்தாத நிறுவனம், அடுத்த ஆண்டு அதே நேரத்தைத் தனக்கே கேட்கும் உரிமையை இழக்கும். லண்டன் ஹீத்ரோவில் ஒரு சோடி நேரத்துக்கு 2016இல் ஓமான் எயர் 7.5 கோடி அமெரிக்க டொலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. சென்னையில் அப்படி ஏலம் போவதில்லை. ஆனால் அங்குள்ள இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், இரண்டையும் ஒரே வேளையில் முழு வேகத்தில் பயன்படுத்த முடியாது. உள்நாட்டு, வளைகுடா, தென்கிழக்காசிய விமானங்கள் எல்லாம் முட்டி மோதும் அந்த இடத்தில், எழுபது பேரை ஏற்றும் ஒரு சிறிய விமானமும் வரிசையில் நிற்க வேண்டும்.

பலாலி–சென்னைத் தடம் அறுந்ததற்கு உள்நாட்டுப் போர் மட்டும் காரணமல்ல. 1978 செப்டம்பர் 7 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்கு வந்து தரித்து நின்ற எயர் சிலோனின் அவ்ரோ விமானம் குண்டுவெடிப்பில் அழிந்தது. அதையொட்டிய காலத்தில் எயர் சிலோனும் முடிவுக்கு வந்தது. 1979 செப்டம்பரில் அதன் இடத்துக்கு வந்த எயர் லங்கா, போயிங் 707 ஜெட்டுகளோடு கட்டுநாயக்கவை மையமாக்கித் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் பலாலிபோன்ற சிறிய நிலையத்துக்கு இடம் இருக்கவில்லை. பிறகு போர் வந்தது. பலாலி படைத்தளமானது. 1987 யூலை இறுதியில் இந்திய அமைதிப்படை வந்திறங்கியதும் இங்கேதான். 1990இல் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களின் ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. உள்நாட்டுப் பறப்பும் பத்திரமாக இல்லை. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் உயிரிழந்தனர்.

அந்தக் காலம் முழுவதும் சென்னைக்குப் போக விரும்பிய யாழ்ப்பாணத்தவருக்குக் கட்டுநாயக்கவே வாசல். வரைபடத்தில் கட்டுநாயக்கவையும் சென்னையையும் நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு யாழ்ப்பாணத்துக்கு மேலாகப் போகிறது. அதாவது, தெற்கே ஒரு நாள் பயணித்து, விமானமேறி, மறுபடி சொந்த ஊர் வானத்தின் பக்கமாகவே திரும்பியிருக்கிறார்கள். வைத்தியம், திருமணப் பட்டு, கோயில், உறவினர் என்று எந்தத் தேவையானாலும் சுற்று அதேதான்.

2016இல் இந்தியா தன் புதிய விமானப் போக்குவரத்துக் கொள்கையில் சார்க் நாடுகளுக்குத் திறந்த வான் ஒப்பந்தம் வழங்க முன்வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கையோடு உடன்பாடு கண்டது. சென்னை உட்பட ஆறு பெருநகரங்களுக்குப் பறப்பு எண்ணிக்கை வரம்பு நீங்கியது. அதற்குப் பின் அரசுகள் விதித்த பறப்பு எண்ணிக்கை பெரிய தடையாக இருக்கவில்லை. பலாலியே தடையாக நின்றது. அங்கே ஓடுபாதை குறுகியது, பன்னாட்டு முனையம் இல்லை. அவசர வேலைகளுக்குப் பின் 2019 அக்டோபர் 17 அன்று சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் அதைத் திறந்துவைத்தார்கள். பெயர்ப்பலகையில் தமிழ் முதலில் இருந்ததற்குத் தெற்கில் சிலர் முகம் சுளித்தார்கள். விமானங்களோ பலகையின் வரிசையைப் பார்த்து இறங்குவதில்லை.

இந்திய அரசுக்குச் சொந்தமான அலையன்ஸ் எயர் நவம்பர் 11 முதல் வாரம் மூன்று முறை ஏடிஆர் 72 ரக விமானத்தை இயக்கியது. நான்கு மாதத்தில் கோவிட் வந்து நிறுத்தியது. 2022 டிசம்பர் 12 அன்று வாரம் நான்கு பறப்புகளோடு சேவை திரும்பியது. 2023 யூலையில் அது தினசரி ஆனது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் இந்தத் தடத்தில் அந்த நிறுவனத்துக்குப் போட்டியே இருக்கவில்லை. 2024 செப்டம்பர் 1 அன்று இண்டிகோ தன் 78 இருக்கை ஏடிஆரோடு நுழைந்தது. எயர் சிலோன் திறந்த வழியில் அப்போது மோதிக்கொண்டவை இரண்டும் இந்திய நிறுவனங்கள். இலங்கையின் தேசிய விமான நிறுவனம் இந்தப் பந்தயத்தில் இல்லாதது வியப்புத்தான். ஆனால் அதன் ஏர்பஸ் ஜெட்டுகளுக்குப் பலாலி ஓடுபாதை போதாது.

ஓடுபாதையை நீட்டும் பேச்சு அடிக்கடி எழுகிறது. அது 1990இல் இடம்பெயர்ந்த மக்களின் தோட்டக் காணிகளைத் தொடும் விடயம். விமானமும் வேண்டும், காணியும் வேண்டும் என்கிற மக்களின் கோரிக்கையில் முரண்பாடு எதுவும் இல்லை. முதலில் காணி யாருடையது என்பதை அரசு தீர்க்க வேண்டும்.

2025 மார்ச் 30 முதல் இண்டிகோ திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேரடிச் சேவையைத் தொடங்கியது. 200 கி.மீ.கூட வராத அந்தப் பறப்பு சென்னையின் நெரிசலைத் தொடுவதே இல்லை.