‘கரகாட்டக்காரன்’: நகைச்சுவையினுள் ஒரு தொழில் வரலாறு

கங்கை அமரன் இயக்கத்தில், இளையராஜாவின் இசையில் 1989-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டுக்கும் மேலாக ஓடிய படமாகும். கெடா தோட்டங்களிலிருந்து சுங்கைப் பட்டாணி, பாக்கார் ஆராங் போன்ற இடங்களுக்குத் தமிழர் பெயர்ந்துவந்த அக்காலத்தில், ஒளிநாடா வழியே அது வீடுகளுக்குள் புகுந்தது. இன்று மீண்டும் காணுங்கால், அதன் காதற்கதையைவிடக் குழுவின் வாழ்க்கையே ஆய்வாளரின் கருத்தை ஈர்க்கிறது.

‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தின் சாயல் இதில் உண்டென்பது பலர் கூறுவதே. ஆயினும் அங்குச் சமீன்தாரும் அரண்மனையும் கலைஞரைச் சூழ்ந்து நிற்க, இங்கு நிற்பவை ஊர்த் திருவிழாவும் பழைய மகிழுந்தும்தான். கவுண்டமணி தவில்காரர், செந்தில் நாயனக்காரர். ஒரு ரூபாய்க்கு இரண்டு வாழைப்பழம் வாங்கச் சென்றவர் ஒன்றுடன் திரும்பும் காட்சிக்கு நாம் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். ஒற்றைப் பழத்துக்கும் கணக்குக் கேட்கும் வருவாய்நிலை அச்சிரிப்பின் அடியில் கிடக்கிறது. கரகம் ஆடும் பெண்கள்மீது சமூகம் சுமத்திய இழிவைப் படம் மேலோட்டமாகவே தொடுகிறது. இது அதன் பெருங்குறை.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாக்களில் உறுமி அடித்தவர்களுள் பலர் விடியலில் பால்மரம் வெட்டியவர்களே. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் அவர்களுடைய மேளங்கள் எங்குச் சென்றன, ஓர் இரவுக்குப் பெற்ற கூலி எவ்வளவு என்பனவற்றைக் கோயில் வரவுசெலவு ஏடுகளிலும் முதியோர் நினைவிலுமே தேடவேண்டும். ஏடுகளைவிட முதியோரை முதலில் அணுகுவது நன்று.