வடக்கன்குளம் கோயிற்சுவர்: மரியாதைப் பூசலா, பீடத்துக்கான வழக்கா?

வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயிலைப் பற்றி எழுதுகிறவர்கள் அதன் வடிவத்தில் தொடங்கி அதன் சுவரில் முடிப்பது வழக்கம். கவட்டைக் கம்பைப் போல இரண்டு கிளைகளாக விரிந்து, பீடத்தருகே ஒன்றுசேரும் கட்டடம் அது. ஒரு கிளை வேளாளருக்கும் முதலியாருக்கும், மறு கிளை நாடாருக்கும் என்றிருந்தது. 1872-இல் கட்டடம், 1910-இல் சுவர் இடிப்பு, அதைத் தொடர்ந்து சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற வழக்கு: இந்த வரிசை ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலுக்குப் பின் தமிழ் வாசகர் நன்கறிந்தது. அதை மறுபடி விவரிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். 1872 என்பது பொதுவாகக் கட்டடத்துக்குச் சொல்லப்படும் ஆண்டு. இரு கிளைகளாகக் கட்டுவதும் கிளைகளுக்கு இடையே சுவர் வைப்பதும் ஒரே செயல் அல்ல; கட்டடத்தின் ஆண்டையே சுவரின் ஆண்டாகக் கொள்வதற்கு நான் தயங்குகிறேன். பின்வரும் வாதம் அந்த ஆண்டைச் சார்ந்ததல்ல.

என் கேள்வி வேறு. இந்தச் சுவரைச் சுற்றி நடந்தது எந்த வகையான சண்டை?

பெய்லியின் விளக்கம்

இக்கேள்விக்கு இன்றுவரை வலுவாக நிற்கும் விடை சூசன் பெய்லியுடையது. 1989-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ‘செயின்ட்ஸ், காடெஸஸ் அண்ட் கிங்ஸ்’ நூலில் அவர் முன்வைக்கும் வாதத்தின் சாரம் இது: தென்னிந்தியாவில் கிறித்தவத்தையோ இஸ்லாத்தையோ ஏற்றவர்கள் தங்களைச் சூழ்ந்திருந்த சமூக ஒழுங்கைவிட்டு வெளியேறவில்லை. புனிதர்களின் வழிபாடும் தேரும் சப்பரமும் திருவிழாச் செலவும் அந்த ஒழுங்குக்குள்தான் பொருள் பெற்றன. இந்துக் கோயிலில் முதல் பரிவட்டம் யாருக்கு, தேர்வடத்தை முதலில் தொடுவது யார் என்று எழுந்த பூசல்களும், கத்தோலிக்கக் கோயில்களில் எழுந்த பூசல்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. சாதிகள் தம் தரத்தை நிலைநாட்டவும் உயர்த்தவும் மோதிக்கொண்ட களமாகவே கோயில் இருந்தது. வடக்கன்குளம் இவ்வாதத்தின் முதன்மையான சான்றுகளுள் ஒன்று.

இந்த விளக்கத்தின் பெருமையைக் குறைக்க நான் விரும்பவில்லை. மதம் மாறியவர் சாதியை உதறிவிட வேண்டியவர், எஞ்சியிருக்கும் சாதி பழைய வாழ்வின் கறை என்ற மிஷனரிப் பார்வையை அது உடைத்தது. ஊர்க்கிறித்தவரை ஐரோப்பியரின் நிழலாகப் பார்க்காமல், தம் உலகத்தைத் தாமே அமைத்துக்கொண்ட மனிதராகப் பார்க்க வைத்தது. திருவிழா, ஊர்வலப் பாதை, கொடியேற்று ஆகியவற்றில் எழுந்த மோதல்களுக்கு அவர் விளக்கம் இன்றும் பொருந்தும்.

ஆனால் சுவருக்குப் பொருந்தாது. மரியாதை என்பது ஒரு வரிசை. முதல் மரியாதை என ஒன்று இருந்தால், இரண்டாவதைப் பெறுகிறவரும் அதே சந்நிதியில், அதே வரிசையில் நிற்க வேண்டும்; பின்னால் நிற்பவர் இல்லாமல் முன்னால் நிற்பதற்குப் பொருளில்லை. இரண்டு கிளைகளும் ஒரே பீடத்தை நோக்கியிருக்கும் கட்டடத்தில் முதல் கிளை எது, இரண்டாம் கிளை எது? கட்டடத்தின் அமைப்பு வரிசையை உண்டாக்கவில்லை, வரிசையே வேண்டாம் என்று ஒதுக்கியது. நாடார்கள் வேளாளருக்குப் பின்னால் நிற்கவில்லை, பக்கத்தில் நின்றார்கள். அவர்கள் முன்னேறிக்கொண்டிருந்த ஒரு நூற்றாண்டில் இது சிறிய பேறு அல்ல. நாடார்களின் தோள்சீலைப் போராட்டம் 1859-இல் ஒரு முடிவுக்கு வந்தது பக்கத்துத் திருவிதாங்கூரில். வடக்கன்குளம் அந்த எல்லையை ஒட்டிய ஊர். பின்வரிசையை ஏற்க மறுக்கும் ஒரு சமூகமும், அவர்களோடு ஒரே வரிசையில் நிற்க மறுக்கும் ஒரு சமூகமும் சேர்ந்து பெற்ற கட்டடம் இது என்றே நான் கொள்கிறேன்.

பெய்லியின் நூல் 1700 முதல் 1900 வரையிலான காலத்தை எல்லையாகக் கொண்டது. சுவர் இடிந்ததும், வழக்கு நடந்ததும் அந்த எல்லைக்கு வெளியே. இது அவர் குற்றமன்று. ஆனால் ஒரு சண்டை எதைப் பற்றியது என்பது அது முற்றும்போதுதான் வெளிப்படுகிறது. அந்த முற்றல் 1910-க்குப் பின்பு வந்தது.

வழக்கின் இரண்டாவது கோரிக்கை

மைக்கேல் பிள்ளைக்கும் ஆயர் பார்த்துக்கும் இடையிலான வழக்கு 1917-ஆம் ஆண்டு ஆல் இந்தியா ரிப்போர்ட்டரில் இடம்பெற்றது. வேளாளர், முதலியார் தரப்பின் கோரிக்கைகள் இரண்டு. இடித்த சுவரை ஆயர் மறுபடி கட்ட வேண்டும் என்பது ஒன்று. பீடத்தில் பூசைக்கு உதவும் உரிமை தங்களுக்கு மட்டுமே உண்டு என அறிவிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கோரிக்கையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவதன்மேல் போதிய கவனம் விழவில்லை. என் வாதம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது.

கட்டடத்தை மனத்தில் கொண்டு இக்கோரிக்கையைப் பார்க்க வேண்டும். மக்கள் அமரும் இடத்தை இரண்டாக்க முடியும். வாசலை இரண்டாக்க முடியும். பீடத்தை இரண்டாக்க முடியாது. பூசை ஒன்று, குரு ஒருவர், அப்பமும் இரசமும் ஒன்று. கிளைகள் எங்கே சேர்கின்றனவோ அங்கே பிரிவினை தோற்றுவிடுகிறது. அந்த இடத்தில் குருவுக்குப் பக்கத்தில் நிற்பவர் பூசைக்கு உதவுகிறவர் ஒருவரே. அக்காலத்து லத்தீன் பூசையில் அவர் வெறும் ஏவலர் அல்லர். குரு சொல்வதற்கு மக்கள் சார்பில் மறுமொழி சொல்பவர். இரசமும் தண்ணீரும் எடுத்துத் தருபவர். ஒரு நாடார்ச் சிறுவன் அந்த இடத்தில் நின்றால், சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேளாளருக்காகவும் அவனே மறுமொழி சொல்கிறான். அவன் கை தொட்ட பாத்திரத்திலிருந்தே அவர்களுடைய பூசையும் நடக்கிறது.

ஆகவே இரண்டு கோரிக்கைகளும் ஒன்றே. சுவரால் காக்க முடியாத இடத்தைக் காக்கவே இரண்டாவது கோரிக்கை வந்தது. தேர்வடத்துக்கும் பரிவட்டத்துக்கும் நடக்கும் பூசலில் கேட்கப்படுவது ‘எனக்கு முதலில்’ என்பது. இங்கே கேட்கப்பட்டது ‘எனக்கு மட்டும்’ என்பது. முதல் வகைச் சண்டையைச் சமரசத்தால் தீர்க்கலாம். ஆண்டுக்கு ஒரு தரப்பு என முறை வைக்கலாம். இரண்டாவது வகையில் முறை வைக்கவும் இடமில்லை.

நீதிமன்றமும் இதையே கண்டது. கேட்கப்படுவது தீண்டலிலிருந்து விலகியிருக்கும் உரிமை, அதற்கு மூலம் தீட்டு என்ற எண்ணமே, கிறித்தவ நம்பிக்கையில் அதற்கு அடிப்படை இல்லை. ஒரு மதத்தைத் தாமாக ஏற்றவர்கள், விட்டு வந்த மதத்தின் வழக்கத்தை அதில் ஒட்டவைக்க நீதிமன்றத்தின் துணையைக் கோர முடியாது என்பது தீர்ப்பின் போக்கு. வழக்கு தள்ளுபடியானது.

கமுதியும் வடக்கன்குளமும்

கோயிலும் மாதாகோயிலும் ஒரே குடும்பம் என்ற வாதத்துக்கு இன்னும் கடுமையான சோதனை ஒன்று உண்டு. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். அறங்காவலரான இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். இடையில் அவரே நாடார்களோடு சமரசத்துக்கு இறங்கினார். அது அறங்காவலர் கடமைக்கு மாறானது என்று ஏற்கப்படவில்லை. 1908-இல் பிரிவி கவுன்சில் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கோயிலைச் சுத்தி செய்யும் செலவும் அவர்கள்மேல் விழுந்தது.

கமுதித் தீர்ப்புக்கும் வடக்கன்குளத் தீர்ப்புக்கும் இடையே பத்தாண்டுகூட இல்லை. சமூகம் ஒன்று, சட்டம் ஒன்று, இரண்டு வழக்குகளும் சென்னை உயர்நீதிமன்றத்தைக் கண்டவை. ஓரிடத்தில் தீட்டு இழப்பீட்டுக்குரிய சேதம். மற்றோரிடத்தில் அது சட்டத்தின் கண்ணுக்கே தெரியாத ஒன்று. ஒன்றில் கோயிலைத் திறக்க அதன் அறங்காவலரே விரும்பியும் வழக்கம் அவரைத் தடுத்தது. மற்றதில் ஆயர் தரப்பு விரும்பியது, வழக்கம் அதைத் தடுக்கவில்லை. வழக்குகளின் தலைப்பே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. கமுதியில் எதிர்த்தரப்பு நாடார்கள்: சங்கரலிங்க நாடானின் பெயரால் அவ்வழக்கு அறியப்படுகிறது. வடக்கன்குளத்தில் வேளாளர் நீதிமன்றத்துக்கு இழுத்தது தங்கள் ஆயரை.

ஊருக்குள் இரண்டு சாதிகள் மோதுவதை மட்டும் பார்க்கும் விளக்கம் மூன்றாவது ஆளை, அதாவது சாவியை வைத்திருப்பவரை, விட்டுவிடுகிறது. வடக்கன்குளத்தில் மக்கள் கோயிலுக்கு நன்கொடை கொடுத்தார்கள், உழைத்தார்கள், தங்கள் கோயில் என்று உரிமை கொண்டாடினார்கள். ஆனால் சட்டத்தில் அது அவர்களுடைய கோயிலாக இருக்கவில்லை.

ஏன் 1910?

அப்படியானால் சாவி வைத்திருந்தவர்கள் ஏன் இத்தனை காலம் பொறுத்து 1910-இல் சுவரை இடித்தார்கள்? அன்றைய பங்குத்தந்தை கௌசானல் அடிகளாரின் துணிவு என்பது வழக்கமான விடை. துணிவை நான் மறுக்கவில்லை. ஒருவருடைய குணத்தை மட்டும் காரணமாக்கினால், அவருக்கு முன்னிருந்த குருக்கள் எல்லோரும் கோழைகள் என்று சொல்ல வேண்டிவரும், அது நியாயமன்று.

நான் முன்வைக்கும் காரணத்துக்கு நேரடிச் சான்று மெலிது. ஆயினும் அதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்றே கருதுகிறேன். 1905 டிசம்பரில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர், மக்கள் அடிக்கடி, இயன்றால் நாள்தோறும், நற்கருணை வாங்க வேண்டும் என ஆணையிட்டார். 1910 ஆகஸ்டில், புத்தி விவரம் வந்த சிறுவருக்கும், ஏறக்குறைய ஏழு வயதிலேயே, நற்கருணை தர வேண்டும் என்றார். அதுவரை ஒரு கத்தோலிக்கருக்குக் கட்டாயமாக இருந்தது ஆண்டுக்கு ஒருமுறை, பாஸ்கா காலத்தில். பூசை காண்பது கண்ணால் செய்யும் செயல். இரண்டு கிளைகளிலிருந்தும் காணலாம். நற்கருணை வாங்குவது கால் நடந்து, முழந்தாளிட்டு, வாய் திறந்து செய்யும் செயல். ஆண்டுக்கு ஒருநாள் நற்கருணைக் கிராதியருகே நேரும் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அதுவே வாரந்தோறும் நேரும்போது, சிறுவர்களும் சேர்ந்து வரும்போது, பிரிவினை கோயிலின் மைய வினையோடு நாள்தோறும் மோதுகிறது. சுவர் இடிந்தது ஆகஸ்டு ஆணைக்கு முன்னா பின்னா என்பதன்மேல் நான் எதையும் கட்டவில்லை. 1905 ஆணை ஒன்றே என் வாதத்துக்குப் போதும்.

இது ஊகம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இந்த ஊகம் ஒன்றுதான் சுவரையும் பீட உதவியையும் ஒரே வழக்கில் சேர்த்ததை விளக்குகிறது. மரியாதை விளக்கத்தில் அந்த இரண்டாவது கோரிக்கை ஓர் ஒட்டுப்போலத் தொங்குகிறது.

முன்னும் பின்னும்

பீடத்தை மையமாகக் கொண்டால் பழைய சான்று ஒன்றும் புதிய ஒளி பெறுகிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745 அக்டோபரில், புதுச்சேரிக் கோயிலில் பறையர் கிறித்தவரைப் பிரித்த சுவரைப் பற்றிய பதிவு உண்டு. அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டார்கள். அவர் சுவரை இடிக்கச் செய்தார். மற்றச் சாதிக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டில்தான் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார்ச் சடங்குகள், அதாவது மதம் மாறியவர்கள் தொடர்ந்துவந்த உள்ளூர் வழக்கங்கள், பற்றிய ஆணையை வெளியிட்டிருந்தார். அந்த ஆணை அதற்குள் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து, இந்த இடிப்புக்குக் காரணமானதா என்பதை நான் திறந்த கேள்வியாகவே விடுகிறேன். வடக்கன்குளத்தில் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்றதும் அதே 1745-இல், மே மாதம். மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சிக்கு வெளியே இருந்த இவ்வூர் அவருக்கு வாசல் திறந்தது. நாயர் குலத்து அரண்மனை அலுவலர் ஒருவரை வரவேற்ற அதே கோயில்தான் பின்னர் நாடாரைச் சுவருக்கு அப்பால் நிறுத்தியது.

புதுச்சேரியிலும் வடக்கன்குளத்திலும் நடைமுறை ஒன்றே: ஒதுக்கப்பட்டவர் கேட்டார், குருவோ ஆயரோ முடிவெடுத்தார். இதிலிருந்து வரும் விளைவு கசப்பானது. 1917 தொகுதியில் நாம் வாசிக்கும் தீர்ப்பு நாடார்களுக்கு எந்த உரிமையையும் தரவில்லை. வேளாளருக்கு உரிமை இல்லை என்று மட்டுமே சொன்னது. சுவர் விழுந்தது ஆயரின் விருப்பத்தால். ஆயர் விரும்பாத இடத்தில் அது நிற்கவும் செய்யும். கமுதியில் தோற்றவர்களுக்கு 1939-இல் மதுரை மீனாட்சி கோயிலின் கதவு திறந்தது; 1947 ஆலய நுழைவுச் சட்டமும் அதன்பின் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் இந்துக் கோயில் நுழைவை உரிமையாக்கின. மாதாகோயிலில் முப்பதாண்டு முன்பே விழுந்த சுவர் அனுமதியாகவே நின்றுவிட்டது.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் நாடார்கள் அல்லர், தலித் கிறித்தவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் இறந்தவர்களையும் பிரித்த சுவர் நெடுங்காலம் நின்றது. 2008 மார்ச்சில் எறையூரில் வன்னியக் கிறித்தவருக்கும் தலித் கிறித்தவருக்கும் எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, இரண்டு உயிர்களைப் பறித்தது. அங்கே தலித்துகள் முதல் மரியாதை கேட்கவில்லை. சமமாக நடத்தும்படியும், இல்லையேல் தனிப் பங்கு தரும்படியும் கேட்டார்கள். அக்கோரிக்கையை மரியாதைப் பூசல் என்று வகைப்படுத்துவது அதைச் சிறுமைப்படுத்துவதாகும்.

ஊர்க்கோயில்களின் சாதி வரலாற்றை எழுதுகிறவர்கள் திருவிழாக் கணக்குகளோடு பீடப் பணிப் பதிவுகளையும் எடுக்க வேண்டும்: பூசைக்கு உதவியவர் யார், உபதேசியார் எந்தச் சமூகத்தவர், நற்கருணைக் கிராதிக்கு யார் எப்படி வந்தார்கள், கோயில் மனை யார் பெயரில் இருக்கிறது. வடக்கன்குளத்தில் 1872-க்கும் 1910-க்கும் இடைப்பட்ட காலத்தின் பீடப் பணியாளர் யாரென்று தெளிவாகும்போது, நான் மெலிந்த சான்றின்மேல் சொன்ன பகுதி நிற்கும் அல்லது விழும். அது விழுந்தாலும், சுவரை மரியாதைப் பூசலாக வாசிப்பதற்கு வழக்கின் இரண்டாவது கோரிக்கை இடம்தராது.