கிராமச் சங்கமும் ஊர்க் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. மாரிமழை சுண்ணக் கற்பாறையிற் புகுந்து தங்கும் நீரே அங்கு உயிர்நீர். ஆகவே ஊரின் பொதுப்பணியைப் பருவங்களே வகுத்தன. கோடையிற் குளமும் கேணியும் தூர்வாரப்பெறும்; பொதுக்கிணறு இறைத்துச் சேறெடுக்கப்பெறும். ஐப்பசிக்கு முன்னர் வெள்ள வாய்க்கால்கள் திருந்தும். மாரி கழிந்தபின் ஒழுங்கைகள் செப்பமுறும்.

இத்தகைய வேலைக்கு உழைப்பை ஊரவரே அளித்தனர். 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டமோ, 18 முதல் 55 வயதுவரையுள்ள ஆடவர் ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் பணம் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. 1871இற் கிராமச் சங்கங்களுக்கெனச் சட்டம் பிறந்தது. ஆயினும் மணியகாரர் முதலிய அலுவலரின் கையே நெடுங்காலம் ஓங்கி நின்றது. 1938ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமே ஆட்சியை மக்கள் தெரிந்த உறுப்பினரிடம் ஒப்படைத்தது.

எல்லார் வரியாலும் பேணப்பெற்ற கிணற்றில் எல்லாரும் நீர் அள்ளினரோ? இல்லை. சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டோர் வெறுங்குடத்துடன் காத்து நின்று, பிறர் அள்ளி வார்த்தாலன்றி நீர் பெறாத ஊர்கள் பல. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதித் தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. வழக்கமோ எளிதில் ஒழியவில்லை.

1981இற் கிராம சபைகள் மறைந்தன. 1987ஆம் ஆண்டின் சட்டத்தாற் பிரதேச சபைகள் தோன்றின. சபையின் பெயர் எதுவாயினும், கிணறு ஆழமானதா என்பதோடு, அதன் கட்டில் எவர் நிற்கலாம் என்பதும் சேர்ந்தே அதன் பணியை அளக்கும்.