சூதுபவள மணிகள் கூறும் வரலாறு

நவமணிகளின் வரிசையில் இடம்பெறாத கற்கள் சில, அரிய வரலாற்றைத் தம்முள் கொண்டுள்ளன. அவற்றுள் ஒன்று சூதுபவளம். பெயரில் பவளம் இருப்பினும் இது கடலில் விளைவதன்று. கால்சிடனி என்னும் கல்லினத்தைச் சேர்ந்தது. நுண்படிகங்கள் செறிந்த சிலிக்காவே கால்சிடனி. அதில் வண்ணப் பட்டைகள் அடுக்கடுக்காய் அமையின் அகேட் என்றும், இரும்புக் கலப்பால் சிவந்திருப்பின் சூதுபவளம் என்றும் வழங்குவர்.

மங்கிய நிறமுடைய கல்லை வெயிலில் உலர்த்தி, மெல்லிய தணலில் சூடாக்கினால் அதன் செம்மை மிகும். பின்னர் அதனைச் செதுக்கி, தேய்த்து, துளையிட்டு, மெருகேற்ற வேண்டும். மோஸ் அளவையில் இதன் கடினம் 6.5 முதல் 7 வரை ஆதலின், துளையிடுதல் எளிதன்று. குஜராத்தின் காம்பாத் நகரக் கைவினைஞர் வைரத் துணுக்குகள் பதித்த துளைக்கருவியால் இதனைச் செய்தனர்.

இத்தொழில் பண்டைத் தமிழகத்திலும் சிறந்திருந்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் குறிக்கும் கொடுமணம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் இங்கு நடத்திய அகழாய்வுகளில் முற்றுப்பெற்ற மணிகளோடு, அரைகுறையாக நின்ற மணிகளும் துளையிடப்படாத மணிகளும் கிடைத்தன. மணிகள் இவ்வூரிலேயே செய்யப்பட்டன என்பதற்கு இவையே சான்று. ஓர் ஈமக்குழியில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள் இருந்தன. இவற்றுக்கான மூலக்கல் குஜராத் போன்ற வடபகுதிகளிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது.

மணிகள் கடலும் கடந்தன. நம் பேராக் மாநிலத்தின் கோலா செலின்சிங்கில் சூதுபவள மணிகளோடு, 'ஸ்ரீ விஷ்ணுவர்மஸ்ய' எனப் பழைய இந்திய எழுத்தில் பொறித்த சூதுபவள முத்திரை ஒன்றும் கிடைத்தது. தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பட் என்னும் மேடு உள்ளது; அப்பெயருக்கு மணிமேடு என்பது பொருள். அங்குக் கிடைத்த பொன் உரைகல் ஒன்றில் 'பெரும்பதன் கல்' எனத் தமிழ்ப் பிராமி எழுத்துகள் உள்ளன. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவரின் கருவி இக்கரைக்கு வந்ததை அது காட்டுகிறது.

அம்மேட்டின் பிற்கால நிலையோ வருந்தத்தக்கது. புதையல் தேடுவோர் அதனைத் தோண்டிக் கலைத்தனர்; மணிகள் பல சேகரிப்போர் கைகளுக்குச் சென்றன. அவ்வூர்ப் பௌத்தத் துறவி ஒருவர் திரட்டிக் காத்தமையால்தான் உரைகல்லும் வேறு பல பொருள்களும் கோயிற் காட்சியகத்தில் எஞ்சின.

அழகிய கற்களைச் சேர்ப்பது குற்றமன்று. காம்பாத்தில் இக்காலத்தில் செய்த மணியை ஒருவர் விரும்பி வாங்கினால், அது தொழிலாளிக்கு வாழ்வளிக்கும். ஆனால் பழமணி அவ்வாறன்று. எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்னும் செய்தி அறுந்துவிட்டால், அதன் அழகு மட்டுமே எஞ்சும். அது உரைக்கும் சான்று அழியும். கொடுமணல் மணிகள் பேசுகின்றன. மணிமேட்டிலிருந்து சிதறிய மணிகளோ ஊமையாயின. தமிழர் கடலோடிய வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வேறுபாட்டையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும். மண்ணில் ஒரு பழமணியைக் காணும் மாணவன் அதனை அவ்விடத்திலேயே விட்டு, அருங்காட்சியகத்தார்க்கு அறிவிப்பானாயின், அதுவே அவன் வரலாற்றுக்குச் செய்யும் முதல் தொண்டாகும்.